புது ஊரில் மேற்படிப்பு: எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

கேள்வி இதுதான்: முதுகலை, பிஎச்டி என்று மேற்படிப்புக்காக முன்பின் தெரியாத நகரத்துக்குப் போகிறவர், எந்தப் பகுதியில் தங்குவது என்பதை எப்படி முடிவு செய்வது? நான் இதில் ஒருமுறை தவறாகவும் ஒருமுறை சரியாகவும் முடிவெடுத்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரவு பதினொரு மணிக்கு உங்கள் துறைக் கட்டடத்தின் வாசலில் இருந்து வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று முதலில் பாருங்கள். அந்த வழி எந்தப் பகுதிக்குச் சரியாக அமைகிறதோ அங்கே வீடு தேடுங்கள். வாடகை, அறையின் அளவு, பால்கனி எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் வருடம் நான் வாடகையைப் பார்த்துத்தான் வீடு பிடித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குக் கேட்கும் பணத்துக்குத் தூரத்தில் இருந்த ஒரு பகுதியில் தனியாக ஒரு சிறிய வீடே கிடைத்தது. வரைபடத்தில் 35 நிமிடம் என்று காட்டியது. நான் தேடிப் பார்த்தது ஒரு ஞாயிறு மத்தியானம், அதுவும் பிரதான வாசல் வரைக்கும்தான். என் ஆய்வகம் வளாகத்தின் மறுகோடியில் இருந்தது, வாசலில் இருந்து இன்னும் 12 நிமிட நடை. வார நாளில் காலை நெரிசலில் இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் பேருந்திலிருந்து நான் இறங்கும்போது இரண்டாவது பேருந்து கிளம்பியிருக்கும். அதன் சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறைவதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு 20 நிமிடம் நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படித்தான்.

நேரம் போனதைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படிப்பையே பாதித்ததுதான் தாங்கவில்லை. பாக்டீரியா வளர்ச்சியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கும் சோதனை ஒன்று செய்துகொண்டிருந்தேன். காலை ஒன்பதரைக்கு முதல் அளவு எடுத்தால் ஏழாவது அளவு இரவு ஒன்பதரைக்கு வரும், என் கடைசிப் பேருந்து 9:40க்கு, நிறுத்தம் 12 நிமிடத் தொலைவில். ஏழாவது அளவை எடுக்காமலே கிளம்பிவிடுவேன். ஒரு நாள் என் ஆய்வு வழிகாட்டி, நான் அளவுகளைக் குறித்திருந்த வரைபடத் தாளைப் பார்த்துவிட்டு, வளைவு சமநிலைக்கு, அதாவது வளர்ச்சி நின்று கோடு தட்டையாகும் கட்டத்துக்கு, வருவதற்கு முன்பே ஏன் முடிகிறது என்று கேட்டார். பேருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. போதாததற்கு, ஆய்வகத்தில் உருப்படியான பேச்சு நடப்பதே மாலை ஏழு மணிக்கு மேல்தான்: எந்தக் கட்டுரையைப் படிக்கலாம், எந்தக் கருவி சரியாக வேலை செய்யவில்லை, யார் எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம். அதில் பெரும்பகுதி ஒரு வருடம் முழுக்க எனக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஒரு வீட்டிலிருந்து ஒரு வழிக்கு 50 நிமிடம், இன்னொன்றிலிருந்து 15 நிமிடம் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 70 நிமிட வித்தியாசம், மாதம் 22 நாள் போனால் கிட்டத்தட்ட 26 மணி நேரம். இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பயணச் செலவைக் கழித்துவிட்டு, மீதியை 26ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய கட்டுரையில், எந்த ஊராக இருந்தாலும் மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று சொல்கிறார். போகவர மொத்தம் ஒரு மணி நேரம், அதாவது ஒரு வழிக்கு அரை மணி. இதை நான் மேல்வரம்பாகவே எடுத்துக்கொள்கிறேன். ப்ரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்து ஆராய்ந்தபோது, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது என்று கண்டார்கள். குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை முழுக்க ஈடுகட்டவில்லையாம். அந்த முதல் வருடத்துக்குப் பிறகு அதை நம்ப எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

சரி, போகாத ஊரை எப்படிப் பார்ப்பது? முதலில் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, உங்கள் இருக்கை அல்லது ஆய்வகம் எந்தக் கட்டடத்தில் வரும் என்று கேளுங்கள். சில துறைகளின் ஆய்வகங்கள் மருத்துவமனை வளாகத்திலோ ஊருக்கு வெளியே இருக்கும் இன்னொரு வளாகத்திலோ இருக்கும், பல்கலைக்கழகப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அது தெரியாது. அப்புறம் கூகுள் மேப்ஸில் அந்தக் கட்டடத்தையே குறித்து, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒருமுறை, இரவு பதினொன்றுக்குக் கிளம்புகிறேன் என்று ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை என்று பாருங்கள். வண்டி மாறாமல் போகும் 30 நிமிடம், மாறிப் போகும் 25 நிமிடத்தைவிட நல்லது. அதிலேயே இருக்கும் தெருக்காட்சியில் (Street View) நடைபாதை இருக்கிறதா, விளக்குக் கம்பங்கள் இருக்கின்றனவா, வீடுகளின் வாசல் தெருவைப் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள், படம் எடுத்த மாதமும் வருடமும் அதிலேயே இருக்கும்.

விடுமுறையையும் மறக்க வேண்டாம். பல்கலைக்கழகப் பேருந்துகள் பல ஊர்களில் விடுமுறையில் குறைந்துவிடும், சில நின்றே போகும். இளங்கலை மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆராய்ச்சி மாணவருக்கு அப்போதுதான் வேலையே ஓடும். விடுமுறைக் கால அட்டவணையைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது சீனியர்களிடம் கேட்டதுதான், ஆனால் எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். இந்த ஏரியா நல்லதா என்று கேட்டால் எல்லோரும் நல்லதுதான் என்பார்கள். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருப்பவர்களிடம், முதல் வருடம் எங்கே இருந்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஏன் மாறினீர்கள் என்று கேளுங்கள். நான் ஐந்து பேரிடம் கேட்டேன், நான்கு பேர் வீடு மாறியிருந்தார்கள், அதில் மூன்று பேர் வந்து சேர்ந்தது ஒரே பகுதிக்கு. என் இரண்டாவது வீடு அங்கேதான் அமைந்தது. பெண்ணாக இருந்தால் பெண்களிடமே தனியாகக் கேளுங்கள். இரவில் எந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்கள் என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

அதற்காக வளாகத்தை ஒட்டியே வீடு எடுக்கவும் சொல்ல மாட்டேன். இளங்கலை மாணவர்கள் கூட்டமாக இருக்கும் தெருவில் வார இறுதி இரவுகளில் தூங்க முடியாது, வீட்டிலும் ஆய்வகத்திலும் ஒரே முகங்களைப் பார்த்துப் பார்த்து மனசு களைத்துவிடும். நடந்தால் 15 முதல் 25 நிமிடம் ஆகிற தூரம் எனக்குச் சரியாகப் பட்டது. வெளியே வந்துவிட்டோம் என்ற உணர்வு வருவதற்கு அவ்வளவு தூரம் வேண்டும்.

பணம் விஷயத்தில் ஒன்றே ஒன்று: நேரிலோ நேரலை வீடியோவிலோ வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் முதல் மூன்று நான்கு வாரம் விடுதியிலோ தற்காலிக அறையிலோ தங்கிக்கொண்டு தேடுங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இடையில் போக வேண்டி வந்தால் வேறொருவருக்கு மாற்றிவிட அனுமதி உண்டா என்று அந்தத் தாளிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய இரவு, பதினொரு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு அந்த வழியில் தனியாக நடந்து பார்த்தேன். 22 நிமிடம் ஆனது. வழியில் இரண்டு பேர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது, கடைசித் திருப்பத்தில் மட்டும் விளக்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன், பயம் வரவில்லை. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டேன்.