பெங்களூருக்கு வந்து கன்னடம் படிக்கும் தம்பிக்கு

தம்பி, வந்து மூன்று மாதம் ஆகிறது, தினமும் பத்துக் கன்னடச் சொல் படிக்கிறேன், போன வாரம் படித்தது இந்த வாரம் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, எந்த ஆப் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டை ஆபீசுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஆப் எதுவானாலும் சரி.

முதல் வேலையாக, புதுச் சொல் படிப்பதை ஒரு வாரம் நிறுத்துங்கள்.

1998-ல் ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறையில் மனைவியோடு குடியேறினேன். பீண்யாவில் லேத் வேலை. சட்டைப் பையில் ஒரு நோட்டு, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கன்னடம். ஒரே மாதத்தில் முந்நூறு சொல் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ஜ்வர யாவாகினிந்த?" என்றார், காய்ச்சல் எப்போதிலிருந்து என்று. முந்தாநாளிலிருந்து என்று சொல்ல வேண்டும். முதல் வாரமே எழுதிய சொல். எண்ணெய்க் கறை பட்ட பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட நினைவிருந்தது. வாயில் வந்ததோ 'நாடித்து'. அது நாளை மறுநாள். அந்த அம்மா என்னையே பார்த்தார். ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மொன்னெ. அன்றைக்குத்தான் எழுதுவது வேறு, வைத்திருப்பது வேறு என்று தெரிந்தது.

நீங்களும் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண் பழகிவிடும், வாய் பழகாது. வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கன்னடத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் கையை எடுங்கள். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதியதும் இதுதான்: படித்த முதல் நாளில்தான் மறதி வேகமாக ஓடுகிறது, போகப்போக மெதுவாகிறது. ஓடுகிற நேரத்தில் மறிக்க வேண்டும். நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, அட்டைக்கு ஒரு சொல் எழுதி, மூன்று பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். சரியாகச் சொன்ன அட்டை, இன்னும் நாள் தள்ளித் திறக்கிற அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். 1970-களில் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பரப்பிய முறை அது.

தமிழருக்கு இங்கே தனி ஆபத்து ஒன்று உண்டு. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு என்று ப ஹ-வாக மாறுவதைப் பார்த்ததும், இதைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம் என்று தோன்றும். அப்படி விட்ட சொல்தான் காலை வாரும். ஹுளி என்றால் புளிப்பு, கடையில் வாங்கும் புளி ஹுணசெஹண்ணு. சொப்பு என்றால் கீரை. 'பெரிய' என்பதற்குத் தொட்ட, அதில் ஹ-வும் இல்லை, உறவும் இல்லை. தெரிந்த மாதிரி இருக்கிற அட்டையை இரண்டு தடவை அதிகம் புரட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அலசூரில் இருபது வருஷம் குடியிருந்து, கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்பதால் 'கன்னட கொத்தில்ல', அதாவது கன்னடம் தெரியாது, என்ற ஒரே வாக்கியத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. அதே அலசூரில் 2009-ல் வள்ளுவர் சிலை திறந்தார்கள், நாம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தோம். வள்ளுவருக்கு இடம் கொடுத்த ஊரில் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டாமா? அப்படிக் காலம் தள்ளுகிறவர்கள் பேச்சைக் கேட்டு நீங்கள் நோட்டை மூடிவிடாதீர்கள்.

எனக்கு உண்மையான டப்பா எங்கள் தெருமுனையில் கீரை விற்ற அஜ்ஜிதான், நம் ஊரில் பாட்டி என்போம். காலையில் கூடையைத் திறந்து, நேற்றுச் சொல்லிக்கொடுத்த பெயரை இன்று கேட்பார். மெந்த்ய, தண்டு, சப்பசிகெ. சரியாகச் சொன்னால் ஒரு பிடி கொசுறு. இல்லையென்றால் கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். சப்பசிகெ இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் கூடையைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். கொசுறு இரண்டு பிடி.