4 நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? சப்போரோவில் இரண்டு காலைகள்

கேள்வி: பெரிய நகரம் ஒன்றை நோக்கி அணு ஏவுகணை வருகிறது என்று எச்சரிக்கை வந்தால், உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டியதுதானா? அப்படி ஒரு எச்சரிக்கையை நேரில் சந்தித்தவர்கள் இருக்கிறீர்களா?

இரண்டு தடவை சந்தித்திருக்கிறேன். இடையில் 17 நாள்தான்.

2017இல் நானும் மனைவியும் ஜப்பானின் சப்போரோவில் இருந்தோம். வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தலைநகர், 20 லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை. நான் அங்கே ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். வீடு, நம்போக்கு மெட்ரோ பாதையின் வடக்குக் கடைசி நிலையமான அசாபு பக்கம். மரத்தால் கட்டிய இரண்டு மாடி அபார்ட்மென்ட். பக்கத்து வீட்டுக்காரர் படியேறினால் எங்கள் சமையலறைத் தட்டுகள் சத்தம் போடும். ஏசி கிடையாது, அந்த ஊரில் பல வீடுகளில் அப்போது இருக்காது. ஆகஸ்ட் கடைசி என்பதால் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவோம்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை, காலை 6:02. இரண்டு போனும் ஒரே நேரத்தில் அலறின. ஜப்பானில் போன்கள் சேர்ந்து அலறினால் நிலநடுக்கம் என்று அர்த்தம். அதனால் நான் செய்த முதல் காரியம், கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்துக்காகக் காத்திருந்ததுதான். ஆடவே இல்லை. திரையைப் பார்த்தேன். எனக்குக் கான்ஜி என்ற சீன வகை எழுத்து அவ்வளவாக வராது, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கத்தகானாவை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். "மி-சை-ரு", அதாவது மிசைல். அதே சொல் இரண்டு தடவை. மனைவிக்கு என்னைவிட ஜப்பானிய மொழி நன்றாக வரும். அவள்தான் முழுதாகப் படித்தாள்: வட கொரியாவிலிருந்து ஏவுகணை ஏவப்பட்டதாகத் தெரிகிறது, உறுதியான கட்டடத்துக்கோ நிலத்தடிக்கோ போகவும்.

உறுதியான கட்டடம்! நாங்கள் இருந்ததைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நிலத்தடி என்றால் மெட்ரோ நிலையம், நடந்து போனால் எட்டு நிமிடம்.

இந்தக் கேள்வியைப் படிக்கிறவர்கள் மனதில் ஓடும் காட்சிகள் எனக்கும் ஓடியிருக்கின்றன. கட்டிப்பிடித்து அழுவது, அம்மாவுக்குக் கடைசியாக ஒரு போன் போடுவது. நடந்ததைச் சொல்கிறேன். நான் கண்ணாடியைத் தேடினேன். அவள், நைட்டியோடு வெளியே போகலாமா, துணி மாற்றட்டுமா என்று கேட்டாள். "இப்பப் போய்…" என்று நான் ஆரம்பிக்க, "செத்தாலும் இந்த நைட்டியோட சாகமாட்டேங்க" என்றாள். அதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது. அப்புறம் அவளே, "பாத்ரூம்ல ஜன்னல் இல்லைங்க, வாங்க" என்று இழுத்தாள். அங்கே குளியலறை ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் பெட்டி மாதிரி இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த தொட்டிக்குள் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவள் கையில் பாஸ்போர்ட் ஃபைலும் போனும். என் கையில் சார்ஜர். போன் கட்டிலிலேயே கிடக்கிறது.

அம்மாவுக்குப் போன் போடவில்லை. கோயம்புத்தூரில் அப்போது விடியற்காலை இரண்டரை மணி. அந்த நேரத்தில் போன் அடித்தாலே அம்மாவுக்கு உயிர் போய்விடும்.

6:14க்கு அடுத்த செய்தி வந்தது. ஏவுகணை கடந்து போய்விட்டது, சந்தேகமான பொருள் ஏதும் கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள் என்று. வெளியே வந்து எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டுப் பாட்டியம்மா மஞ்சள் பையில் குப்பையை வைத்துவிட்டு, காக்கை கிளறாமல் இருக்க மேலே வலையை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார். எங்கள் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் எரிக்கிற குப்பை நாள். என்னைப் பார்த்ததும், "போயிடுச்சாம்" என்றார். அடுத்த வாக்கியம், "உங்க குப்பை?"

அன்று சாயங்காலம் செய்திகளை வைத்து நேரக்கணக்கு போட்டுப் பார்த்தேன். பியோங்யாங் அருகே சுனான் என்ற இடத்திலிருந்து 5:58க்கு ஏவியிருக்கிறார்கள். எங்களுக்கு எச்சரிக்கை 6:02க்கு. ஹொக்கைடோவின் தெற்கே எரிமோ முனைப் பக்கமாக அது கடந்தது 6:05க்கும் 6:07க்கும் இடையில். பசிபிக்கில் விழுந்தது 6:12. ஆக, நாங்கள் தொட்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதிக்கு மேல், அது ஏற்கெனவே எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அது போன உயரம் சுமார் 550 கிலோமீட்டர். விண்வெளி நிலையமே 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. "தலைக்கு மேல் பறந்தது" என்று எல்லா டிவியும் சொன்னதில் தலை மட்டும்தான் எங்களுடையது.

எச்சரிக்கை போன மாகாணங்கள் 12. வடக்கே ஹொக்கைடோ முதல் நடு ஜப்பானில் நகானோ வரை. எங்கே விழும் என்று துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டுச் சொல்வதற்குள் விழுந்தே விடும், அதனால் அகலமாக வலை வீசுகிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கையில் கிடைப்பது நாலு நிமிடம், நல்ல நாளில் ஐந்து. அவ்வளவுதான் அவகாசம் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபம். காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவது என்ற யோசனை அங்கேயே செத்துவிடுகிறது. தகரமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு பெட்டிக்குள், சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் கிடைக்கக்கூடிய இடங்களிலேயே மோசமானது.

செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை மதியம், வட கொரியா தன் ஆறாவது அணுச் சோதனையை நடத்தியது. ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகம் பிறகு போட்ட மதிப்பீடு சுமார் 160 கிலோடன் (ஒரு கிலோடன் என்றால் ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் சக்தி). ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15. அதுவரை தொட்டிக் கதையை நண்பர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்த நான், அன்றைக்கு அடங்கிப்போனேன். மேலே போகிற ஏவுகணையின் மூக்கில் என்ன இருக்கிறது என்று எச்சரிக்கை அனுப்புகிறவருக்கும் தெரியாது, தொட்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரியாது.

அந்த இரண்டு வாரம்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று: குண்டு பத்து மடங்கு பெரிதென்றால் அழிவும் பத்து மடங்கு தூரத்துக்குப் போகும் என்று. அப்படிப் போகாது. வெடிப்பின் அதிர்ச்சி அலை எட்டும் தூரம், சக்தியின் கனமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. பத்து மடங்கு சக்திக்குத் தூரம் இரண்டு மடங்கு சொச்சம். வெப்பம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எட்டும், ஆனால் அதுவும் பத்து மடங்கு ஆகாது. ஹிரோஷிமாவில் நடுவிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தூரம்வரை தரைமட்டமாகி எரிந்தது. 160 கிலோடன் என்றால் தோராயமாக அதன் இரண்டேகால் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்போரோவின் நடுமையமான ஓதோரியிலிருந்து எங்கள் வீடு கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். அதாவது நாங்கள் விளிம்பில் இருக்கிறோம். ஒரு பெரிய நகரத்தில் பெரும்பாலானவர்கள் இருக்கப்போவது இந்த விளிம்பிலும் அதற்கு வெளியேயும்தான். "விழுந்தால் எல்லாரும் காலி, எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டும்" என்று பேசுகிறவர்கள் நடுமையத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

நடுமையத்திலும் ஒருவர் பிழைத்திருக்கிறார். எய்சோ நொமுரா, வயது 47. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து 170 மீட்டர் தூரத்தில் ஒரு கான்கிரீட் கட்டடத்தில் வேலை. ஏதோ ஒரு காகிதத்தை எடுக்க நிலவறைக்கு இறங்கிய நேரத்தில் வெடித்தது. 1982 வரை வாழ்ந்தார். அந்தக் கட்டடம் இன்றும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்குள் நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் இளைப்பாறும் இடமாக.

இரண்டாவது விஷயம் ஜன்னல். வெளிச்சம் உடனே வரும், அதிர்ச்சி அலை பின்னால் வரும். 5 கிலோமீட்டரில் பத்துப் பன்னிரண்டு விநாடி இடைவெளி இருக்கும். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வந்தால் மனிதன் என்ன செய்வான்? எழுந்து ஜன்னலுக்குப் போவான். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் ஒரு விண்கல் வெடித்தது ஞாபகம் இருக்கலாம். கதிர்வீச்சு ஒன்றும் கிடையாது, வெறும் வெளிச்சமும் அதிர்ச்சியும். 1,500 பேர் அளவுக்குக் காயம்பட்டார்கள், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலில் நின்றவர்கள் அதில் நிறைய. என் மனைவி ஜன்னல் இல்லாத அறையைத் தேடியது எதையும் படித்துவிட்டு இல்லை. ஆனால் அதுதான் சரி. வெளிச்சம் வந்தால் குப்புறப் படு, முகத்தை மூடு, சத்தம் வந்து போகும்வரை எழாதே.

மூன்றாவது, வெடித்த பிறகு. மேலே வானத்திலேயே வெடித்தால் கதிரியக்கச் சாம்பல் குறைவு. தரையில் வெடித்தால் மண்ணெல்லாம் மேலே போய், காற்றுப் போக்கில் பத்துப் பதினைந்து நிமிடத்திலிருந்து இறங்க ஆரம்பிக்கும். நல்ல செய்தி, அது வேகமாக வீரியம் இழக்கும். நேரம் ஏழு மடங்கு ஆனால் வீரியம் பத்தில் ஒன்று ஆகிறது. முதல் மணி நேரத்தில் நூறு என்றால் ஏழாவது மணியில் பத்து, இரண்டு நாள் கழித்து ஒன்று. அதனால் முதல் 24 மணி நேரம் கான்கிரீட் கட்டடத்தின் நடுவில் அல்லது நிலவறையில் அசையாமல் இருந்தாலே உயிர் தப்பும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. பிள்ளை பள்ளியில் இருந்தால்? பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும், கூட்டிவர ஓடாதீர்கள் என்கிறார்கள். எழுதுவது சுலபம். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை, இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேனா தெரியாது.

வெளியே மாட்டிக்கொண்டு வந்தால் மேல்துணியைக் கழற்றி ஒரு பையில் கட்டித் தள்ளி வைக்க வேண்டும், சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது. அது கதிரியக்கத் துகளைத் தலைமுடியோடு ஒட்டிவிடுமாம். அமெரிக்க அரசின் அறிவுரையிலேயே இருக்கிறது. உலகம் அழிகிற நாளில் கண்டிஷனர் போடுகிறவர்களும் இருப்பார்கள் என்று யோசித்துத்தானே ஒருவர் எழுதியிருக்கிறார்! அயோடின் மாத்திரையைப் பலர் சஞ்சீவி மாதிரி பேசுகிறார்கள். அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும்தான் காக்கும்.

செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. காலை 7 மணிக்குப் போன் அலறியது. இந்தத் தடவை பேச்சே இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், அவள் கேஸை அணைத்தாள், நிலநடுக்கத்துக்காக வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் போய்விட்டோம். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. வந்த செய்தியிலும் ஒரு மாற்றம்: "உறுதியான கட்டடம்" போய், "கட்டடத்துக்குள்" என்று மட்டும் இருந்தது. எங்களைப் போல நிறையப் பேர், உறுதியான கட்டடத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தார்கள். ஏவுகணை இந்த முறை 3,700 கிலோமீட்டர் பறந்து கடலில் விழுந்தது. பாட்டியம்மா வழக்கம்போலக் குப்பை வைத்தார். அன்றைக்கு நாங்களும் வைத்தோம்.

எச்சரிக்கை வந்து வந்து ஒன்றும் நடக்காமல் போனால் மனம் மரத்துவிடும் என்பது மட்டும் எனக்குப் பயம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள் காலை 7:09க்கு எச்சரிக்கைச் சங்கு ஊதியது, 7:31க்கு ஆபத்து இல்லை என்று நீக்கினார்கள். மக்கள் வெளியே வந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். குண்டு விழுந்தது 8:15க்கு. ஹவாயில் 2018 ஜனவரி 13 அன்று, இது பயிற்சி அல்ல என்று தவறுதலாகப் போன எச்சரிக்கையைத் திருத்த 38 நிமிடம் ஆனது. அடுத்த தடவை போன் அலறினால் அங்கே எத்தனை பேர் எழுந்திருப்பார்கள்?

நாங்கள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். 2023 அக்டோபரில் நம் போன்களுக்கெல்லாம் அரசு ஒரு பேரிடர் எச்சரிக்கைச் சோதனைச் செய்தி அனுப்பியது நினைவிருக்கும். பீப் பீப் என்று வீடே அலறியது. நான் ஹாலில் இருந்தேன். இது வெறும் சோதனை என்று படித்துவிட்டுத் திரும்பினால் மனைவியைக் காணோம். அம்மா, "அவ எங்க சாமி ஓடுறா?" என்கிறார். பாத்ரூமில் போய்ப் பார்த்தால், சுவர் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, மேலே இருக்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இது ஆகாதுங்க," என்றாள். "ஸ்டோர் ரூமைக் காலி பண்ணுங்க."