செய்தே பார்க்காத 'சிந்தனைச் சோதனை'யால் அறிவியலுக்கு என்ன பயன்?

"வெட்டிக் கற்பனைதானே" என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். நல்ல ஆய்வகம் உள்ள கல்லூரியில் படிப்பவராக இருப்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு பையனின் அப்பா, தென்னை ஏறுபவர், திண்ணையில் வந்து உட்கார்ந்து, "செஞ்சு காட்டாம வெறும் வாயில நடத்துனா எப்படிங்க சார் புரியும்?" என்றார். கனமானது வேகமாக விழும் என்று நினைக்கிறீங்களா என்று கேட்டேன். "பின்ன? தேங்காயும் குரும்பையும் ஒண்ணாவா விழும்?" சரி, இரண்டையும் கயிற்றில் கட்டிப் போட்டால்? குரும்பை பின்னுக்கு இழுக்கும், தேங்காயின் வேகம் குறையும் என்றார். கட்டியபின் மொத்த எடை கூடிவிட்டதே, அப்படியானால் தனித் தேங்காயைவிட வேகமாக அல்லவா விழ வேண்டும்? வெகுநேரம் யோசித்தார். "ரெண்டும் எப்படிங்க சார் நடக்கும்? அப்ப நான் மொதல்ல சொன்னதுதான் தப்பு." ஒரு காயைக்கூடக் கீழே போடாமல் அவராகவே அங்கே வந்து சேர்ந்தார். எனக்கு அன்று இருந்த பெருமை கொஞ்சமல்ல.

வாதம் கலீலியோவுடையது, 1638இல் வந்த அவர் நூலில் இருக்கிறது. பைசா கோபுரத்திலிருந்து குண்டு போட்டாரா என்பதில் வரலாற்றாளர்களுக்கே சந்தேகம் உண்டு. ஒரு கருத்தை உண்மையென்றே வைத்துக்கொண்டு, அது தன்னைத்தானே மறுக்கும் இடம்வரை விடாமல் கொண்டுபோவதுதான் இந்தச் சோதனை.

இறகு மெதுவாகத்தானே விழுகிறது என்று யாராவது கிளம்புவார்கள். அது காற்றின் தடை. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் சேர்த்துக் கைவிட்டார். ஒன்றாகவே தரை தொட்டன. நேரடிச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அணு அளவிலான நுண்துகள்களின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் கொள்கை முழுமையற்றது என்று காட்ட 1935இல் ஐன்ஸ்டைனும் இரண்டு சகாக்களும் ஒரு சிந்தனைச் சோதனையை முன்வைத்தார்கள். 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் அந்தத் தகராறை அளந்து தீர்க்கக்கூடிய கணக்காக்கினார். ஆய்வக முடிவுகள் ஐன்ஸ்டைன் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தன; அந்த ஆய்வுகளுக்கு 2022இல் நோபல் பரிசு. எதை அளக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததே அந்தக் கற்பனைதான்.

ஆய்வகம் கிடக்கட்டும். நான் படித்த பள்ளியில் ஓணப் பரீட்சை நெருங்கியும் தமிழ்வழி அறிவியல் புத்தகம் வராது. மலையாள வகுப்புப் பையன்களிடம் இரவல் வாங்கி, தமிழில் நாங்களே எழுதிக்கொள்வோம். புத்தகம் எப்போது வரும் என்று என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள்.