பழைய பொருள் கடை ஓவியங்கள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பழைய பொருள் கடைகளில் பெயர் தெரியாதவர்கள் வரைந்த படங்களைத் தேடி எடுத்து வருவதை இருபது வருடமாகச் செய்கிறேன். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நடுவில் சில வருடம் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தேன், அதனால் கை எங்கே தடுமாறும் என்பதும் ஓரளவு தெரியும். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் வாங்கி வந்த படத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் பிடித்திருக்கிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. என் ரசனையில்தான் கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்லை. பிடித்ததற்குக் காரணம் அந்தப் படத்துக்குள் எங்கேயோ இருக்கிறது, நீங்கள் இன்னும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. நாற்காலியில் ஒரு வயதானவர். முகம் பலகை மாதிரி தட்டை. கழுத்தே கிடையாது, தலை நேராகத் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது. நாற்காலியின் கால் ஒன்று தரையைத் தொடவில்லை. ஆனால் அவருடைய நீல ஸ்வெட்டரின் இடது முழங்கையில் கிழிசல் தைத்த இடம் ஒன்று உண்டு. கொஞ்சம் அடர்ந்த நீலத்தில், மெல்லிய பிரஷ்ஷால், ஒவ்வொரு தையலாக இழுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதில் ஒன்று மட்டும் கோணல். முகம் வரைய வராத ஒருவருக்கு அந்தத் தையல் அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்திருக்கிறது. தைத்தவரும் வரைந்தவரும் ஒரே ஆள் என்றுதான் என் மனம் சொல்கிறது.

வரைந்தவர் மற்றதையெல்லாம் மறந்து நின்ற இடம் என்று படத்தில் ஓரிடம் பெரும்பாலும் இருக்கும். வண்ணம் அங்கே தடித்திருக்கும், அல்லது திடீரென்று பிரஷ் சின்னதாகியிருக்கும், அல்லது அழித்து அழித்துத் திரும்ப வரைந்திருப்பது தெரியும். ஒரு ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் அதைத் தேடுங்கள். உங்கள் கண் எதில் போய் நிற்கிறதோ, அநேகமாக அதுதான் உங்களுக்குப் பிடித்த காரணம்.

கேள்வி: பனி மலை, ஏரி, ஓரத்தில் ஒரு மரவீடு. இந்தப் படத்தைப் போகிற கடையிலெல்லாம் பார்க்கிறேன். இதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

பதில்: நிறைய இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1983 முதல் 1994 வரை பாப் ராஸ் 403 பகுதிகளில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். ஈரம் காயாத எண்ணெய் வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தைப் போட்டு, அரை மணி நேரத்தில் ஒரு படத்தை முடிக்கும் முறை. அவரைப் பார்த்து வீட்டில் பிரஷ் பிடித்தவர்கள் ஏராளம். நீங்கள் பார்க்கிற மலைகளில் பல அந்த வழியில் வந்தவையாக இருக்கலாம்.

இப்படி ஒரே பாடத்தைக் கேட்டு வரைந்த படங்களில், வரைந்தவர் பாடத்தை விட்டு எங்கே விலகினார் என்று பாருங்கள். ஒருவர் மரவீட்டு ஜன்னலில் விளக்கு ஏற்றியிருப்பார். இன்னொருவர் கரையில் ஒற்றைச் செருப்பை விட்டிருப்பார். அங்கேதான் அவர் பேச ஆரம்பிக்கிறார்.

குறை சொல்வதென்றால் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன். பிரதிபலிப்பு எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, பார்க்கிற நம்மை நோக்கி இறங்கும். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அது மாறாது. நிழல்தான் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். புதிதாக வரைகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, மலையின் பிரதிபலிப்பைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுவார்கள். அப்புறம் ஏரி படுக்காமல் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். "ஏரி சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, "பிரதிபலிப்பு சாய்ந்ததால் ஏரி நிமிர்ந்துவிட்டது" என்று சொன்னால், கேட்கிறவருக்குக் கையில் ஏதோ கிடைக்கும்.

கேள்வி: ஒரு பெண்ணின் முகம். என்னவோ தப்பாக இருக்கிறது, ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

பதில்: கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடவலம் மாறினால் பழகிப்போன கண் புதிதாகப் பார்க்கும், கோணல் உடனே தெரிந்துவிடும்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் வர வேண்டும். நமக்கோ முகம் என்றால் கண், மூக்கு, வாய்தான். நெற்றியும் தலைமுடியும் இடம் பிடிக்கும் என்பது மறந்துபோய், கண்ணை மேலே ஏற்றி மண்டையை வெட்டிவிடுகிறோம். அடுத்தது, முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண்கள் மட்டும் நேராகப் பார்க்கிற முகத்தின் கண்களாக இருக்கும். கண்ணின் வெள்ளையைச் சுத்த வெள்ளையாக அடித்தால் மிரண்டது போல ஆகிவிடும், இமையின் நிழல் விழுந்து அது எப்போதும் சாம்பல் கலந்துதான் இருக்கும். பற்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரித்தாலும் அதே கதிதான்.

கை எங்கே என்று பாருங்கள். முதுகுக்குப் பின்னாலோ, பூங்கொத்துக்குள்ளோ ஒளிந்திருந்தால் வரைந்தவர் கைக்குப் பயந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பயப்படாமல் வரைந்து தோற்றுப்போன கை எனக்கு இன்னும் பிடிக்கும். அதில் ஒரு முயற்சி தெரிகிறது.

கேள்வி: கையால் வரைந்ததா, அச்சடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு சின்ன பூதக்கண்ணாடி போதும். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. கேன்வாஸில் அச்சடித்து, மேலே நிறமில்லாத பசையைப் பூசி பிரஷ் தடம் போல மேடு பள்ளம் காட்டுவதும் உண்டு. அதில் மேடு ஒரு பக்கம் ஓடும், படத்திலுள்ள கோடு வேறு பக்கம் ஓடும். கேன்வாஸின் ஓரத்தையும் பாருங்கள். கையால் வரைந்ததில் வண்ணம் வழிந்து, சிதறி, பாதியில் நின்றிருக்கும்.

எண் பார்த்து வண்ணம் நிரப்பும் படங்கள் தனி வகை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டான் ராபின்ஸ் என்பவர் உருவாக்கிய, எண் போட்ட கட்டங்களும் அதற்கான வண்ணங்களும் கொண்ட பெட்டிகளால் பெரிதாகப் பரவியது. வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் துண்டு துண்டாக ஒட்டி நிற்கும். வெளிர் நிறத்துக்கு அடியில் சில சமயம் எண்ணே தெரியும். அதை மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கட்டத்துக்குச் சொன்ன நிறத்தை விட்டுவிட்டு, வானத்தைத் தன் இஷ்டத்துக்கு மஞ்சளாக்கிய ஒருவரின் படம் என் வரவேற்பறையில்தான் இருக்கிறது.

கேள்வி: விலை போகுமா?

பதில்: பெரும்பாலும் போகாது. கையெழுத்தும் பின்பக்கக் குறிப்பும் தெளிவாக இருந்தால் ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் தேடிப் பாருங்கள், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

கேள்வி: இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துச் சிரிப்பது தப்பா? மோசமான படங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, பாஸ்டனில். 1993-ல் ஒருவர் குப்பையிலிருந்து எடுத்த படத்தில் தொடங்கியது. பூக்கள் நிறைந்த வெளியில் ஒரு மூதாட்டி, உடை காற்றில் பறக்கிறது. அவர்கள் வேண்டுமென்றே மோசமாக வரைந்ததை எடுப்பதில்லை, குழந்தைகள் வரைந்ததையும் எடுப்பதில்லை. மனதார முயன்று, ஏதோ ஒரு கட்டத்தில் கைமீறிப் போனதாக இருக்க வேண்டும். இந்த வரம்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அது தானாக வருவது. சிரித்து முடித்ததும் படத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் ஜிம் ஷா பழைய பொருள் கடைப் படங்களைச் சேர்த்து 1990-ல் புத்தகமாகக் கொண்டுவந்தபோது, படத்தில் கண்டதை அப்படியே சொல்லும் தலைப்புகளைத்தான் வைத்தார். என் படத்துக்கு "ஸ்வெட்டர் தைக்கப்பட்ட மனிதர், தரை தொடாத நாற்காலியில்" என்று எழுதினேன். எழுதிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி: பயிற்சி இல்லாதவர் வரைந்தது என்றால், தெரியாமல் செய்த தவறு எது, அவருடைய பாணி எது? எப்படிப் பிரிப்பது?

பதில்: நல்ல கேள்வி. எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: அது திரும்பத் திரும்ப வருகிறதா, அதனால் படத்துக்கு ஏதாவது கிடைக்கிறதா?

ஆல்ஃபிரட் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் கடலுக்குப் போனவர், பிறகு பழைய இரும்பும் கயிறும் வாங்கி விற்றவர். மனைவி இறந்த பிறகு, எழுபதை நெருங்கும் வயதில் வரைய ஆரம்பித்தார். கிடைத்த அட்டைத் துண்டில், படகுக்கு அடிக்கும் பெயின்ட்டில். 1928-ல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரண்டு ஓவியர்கள் அவர் வீட்டுக் கதவு வழியாக அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அசந்துபோனார்கள். வாலிஸின் படத்தில் எது முக்கியமோ அது பெரிதாக இருக்கும். தூரம், கிட்டம் என்ற கணக்கெல்லாம் இல்லை. வீட்டைவிடப் படகு பெரிது, ஏனென்றால் அவர் வாழ்க்கையில் அது பெரிது. அட்டை கோணலாக இருந்தால் கடலும் அதற்கேற்ப வளையும். ஒரு படத்தில் மட்டும் இப்படி என்றால் தடுமாற்றம் என்று சொல்லலாம். படத்துக்குப் படம் அப்படி என்றால் அது அவர் மொழி.

கடையில் நமக்குக் கிடைப்பது ஒற்றைப் படம் என்பதுதான் சிக்கல். அதனால் அதே கையெழுத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று அடுக்கில் தேடாமல் கிளம்பாதீர்கள். இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பழைய படத்தின் அழுக்கு போகும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரொட்டியும் வேண்டாம். மாவுச்சத்து வண்ணத்தின் இடுக்கில் தங்கிவிடும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது விருந்து. மிருதுவான, காய்ந்த பிரஷ்ஷால் தூசியை மெல்லத் தட்டுங்கள். வண்ணம் உதிர்கிறது என்றால் அதையும் நிறுத்துங்கள். மஞ்சளாகிப்போன வார்னிஷை எடுப்பது படம் பழுதுபார்க்கப் பயின்றவர்களின் வேலை. 2012-ல் ஸ்பெயினில் போர்ஹா என்ற ஊருக்கு அருகிலுள்ள வழிபாட்டிடத்தில், வயதான பெண்மணி ஒருவர் பழுதடைந்த இயேசு ஓவியத்தைத் தானே சரிசெய்யப் போய் முகமே மாறிப்போனது உலகத்துக்கே தெரியும். அவர் மனது நல்ல மனதுதான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: எந்தக் காலத்துப் படம் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: திருப்பிப் பாருங்கள், பாதி விஷயம் பின்னால்தான் இருக்கும். தேதி, பெயர், பிரேம் கடையின் சீட்டு, சில சமயம் யாருக்குப் பரிசாகக் கொடுத்தது என்பதுகூட. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் ஓவியர்களுக்குக் கடையில் கிடைக்க ஆரம்பித்தது 1950-களின் நடுவில். அக்ரிலிக் என்று உறுதியானால் படம் அதற்கு முந்தையது இல்லை. ஆனால் பிரேமை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதுப் படத்துக்குப் பழைய பிரேமும், பழைய படத்துக்குப் புது பிரேமும் மாட்டுவது சகஜம்.

கேள்வி: வாங்கிய படத்தின் மேல் நான் ஏதாவது வரைந்து மாற்றலாமா? பறக்கும் தட்டு, டைனோசர் எல்லாம் சேர்க்கிறார்களே.

பதில்: டென்மார்க் ஓவியர் அஸ்கர் யோர்ன் 1959-ல் பழைய பொருள் சந்தைப் படங்களின் மேல் வரைந்து பாரிஸில் கண்காட்சியே வைத்தார். அவை நல்ல படைப்புகள், மறுக்க மாட்டேன். இருந்தாலும் நான் செய்ய மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். 1908-ல் பாரிஸில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் பிக்காசோ ஒரு பெண்ணின் ஓவியத்தை ஐந்து பிராங்குக்கு வாங்கினார். கேன்வாஸ் நன்றாக இருக்கிறது, மேலே வேறு ஏதாவது வரைந்துகொள்ளலாம் என்றுதான் வியாபாரி அதை விற்றார். வரைந்தவர் ஹென்றி ரூசோ, சுங்கச்சாவடியில் வேலை பார்த்தவர், யாரிடமும் படிக்காதவர். பிக்காசோ அதன் மேல் வரையவில்லை, கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார். இன்று அது பாரிஸில் பிக்காசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் கையிலிருப்பது ரூசோவாக இருக்கும் என்று சொல்லவில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அழித்தால் திரும்ப வராது, அதுதான் என் தயக்கம். செய்தே தீருவேன் என்றால் முன்னும் பின்னும் தெளிவாகப் போட்டோ எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கடையில் நான் வாங்கிய படத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா?

பதில்: படம் உங்களுடையது, அதைப் பிரதி எடுக்கும் உரிமை உங்களுடையது இல்லை. அது வரைந்தவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. பல நாடுகளில் வரைந்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும்.

கேள்வி: நான் பத்து வருடம் முன்பு வரைந்து ஒரு தோழிக்குக் கொடுத்த படத்தைப் போன வாரம் பழைய பொருள் கடையில் பார்த்தேன். மனசு உடைந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதில்: உங்கள் கேள்வியை இரண்டு நாள் வைத்திருந்து யோசித்தேன். வீடு மாறியிருக்கலாம், தோழிக்கே ஏதாவது ஆகியிருக்கலாம், வேறு யாரோ வீட்டைக் காலி செய்திருக்கலாம். படம் கடைக்கு வந்ததற்கு அது பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஒன்று செய்யுங்கள். பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, பிரேமிலிருந்து படத்தைப் பதமாக வெளியே எடுங்கள். பிரேம் மறைத்திருந்த ஓரத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா இருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது, வெளிச்சத்துக்கு முதலில் மங்குபவற்றில் அவையும் உண்டு. மாட்டும் கம்பி ஆணியில் உரசிய இடத்தையும் பாருங்கள். கம்பி தேய்ந்து, ஓரம் மட்டும் நீங்கள் வரைந்த நாளின் நிறத்தில் இருந்தால், அந்தப் படம் அலமாரியில் கிடக்கவில்லை. வெளிச்சம் விழும் ஒரு சுவரில் அவர் அதை வருடக்கணக்கில் மாட்டி வைத்திருந்திருக்கிறார். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.