பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் கரைப்பான் கொண்டு பிரிப்பது எப்படி?

எரிபொருள் கோல்களை வெட்டிச் சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் வகை நீர்மத்தில் சுமார் 30 விழுக்காடு டிரைபியூட்டைல் பாஸ்பேட் சேர்த்த கரைப்பானோடு கலக்கினால், +6 ஆக்சிஜனேற்ற நிலை (அணு இழந்த எலக்ட்ரான்களின் கணக்கு) யுரேனியமும் +4 நிலை புளூட்டோனியமும் நைட்ரேட் அணைவுகளாக (உலோகத்தைச் சுற்றிப் பிற மூலக்கூறுகள் பிணைந்த தொகுப்புகளாக) எண்ணெய் அடுக்குக்கு ஏறிவிடுகின்றன. அணுப்பிளவில் உண்டான சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலியவை பெரும்பாலும் அமிலத்திலேயே தங்கிவிடும்.

நுட்பம் அடுத்த படியில்தான் இருக்கிறது. புளூட்டோனியத்தை +3 நிலைக்கு ஒடுக்கினால் (எலக்ட்ரான் சேர்த்தால்) கரைப்பானின் பிடி தளர்ந்து அது அமிலத்துக்கு இறங்கிவிடும். கரைப்பானில் மஞ்சளாக நிற்கும் யுரேனியத்தைப் பிறகு மிக நீர்த்த அமிலத்தால் மீட்கலாம். கதிர்வீச்சு கரைப்பானையே சிதைப்பதால், அதைச் சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவித்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

உண்மையில் பிரிக்கக் கடினமானவை, கழிவோடு நின்றுவிடும் அமெரிசியமும் கியூரியமும்தான் என்பேன்: இவை அதே கழிவில் இருக்கும் லாந்தனைடுகளை (அருமண் உலோகங்களை) போலவே +3 நிலையிலும் ஏறக்குறைய அதே அயனி அளவிலும் இருப்பதால், நைட்ரஜன் அணுக்களால் பிணைந்து இரு வகைக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டை உணரும் தனி மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன.