ஐந்து உயிரெழுத்துகளும் தலா ஒரு முறை மட்டுமே வரும் நீண்ட ஆங்கிலச் சொற்கள் எவை? அவற்றின் பொருள் என்ன?

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் எப்படியாவது வந்தால் போதும் என்றால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். தலா ஒரு முறைதான் வரலாம் என்று நீங்கள் கட்டிய வேலியால்தான் இது விளையாட்டாகிறது. நான் ஆங்கில ஆசிரியர். வேறு ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்புக்கு என்னை அனுப்பினால் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். முதலில் வரும் விடை ‘எஜுகேஷன்’. அடுத்து, கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் ‘ஈக்வேஷன்’ என்பான், அதாவது சமன்பாடு. அதற்குப் பிறகு வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்போது சொல்லிக்கொடுப்பது இதுதான்: சொல்லின் தலையை விட்டுவிட்டு வாலைப் பிடியுங்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ஏராளமான சொற்கள் ‘ஷன்’ என்று முடிகின்றன. அந்த விகுதியை எழுதும்போதே ஐ, ஓ இரண்டும் வந்துவிடும். மிச்சமுள்ள ஏ, ஈ, யூ மூன்றும் முன்பகுதியில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ரெகுலேஷன் என்றால் ஒழுங்குமுறை, ரெப்யுடேஷன் என்றால் நற்பெயர், ப்ரிகாஷன் என்றால் முன்னெச்சரிக்கை, ஸ்பெகுலேஷன் என்றால் ஊகம் அல்லது ஊக வணிகம். எல்லாம் தினசரிச் செய்தித்தாளில் கிடைப்பவை.

இன்னொரு குடும்பம் இதைவிடச் சுவாரசியமானது. எதிர்மறையைக் குறிக்கும் ‘அன்’ முன்னால் வந்தால் யூ கிடைக்கும். ‘ஏபிள்’ பின்னால் வந்தால் ஏ, ஈ இரண்டும் கிடைக்கும். நடுவில் ஓ, ஐ மட்டும் இருந்தால் சொல் தயார். பிறரோடு பழக விரும்பாதவர் அன்சோஷியபிள். லாபம் தராத தொழில் அன்ப்ராஃபிட்டபிள். மன்னிக்கவே முடியாத செயல் அன்ஃபர்கிவபிள்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ‘அன்காப்பிரைட்டபிள்’. 15 எழுத்துகள். உயிரெழுத்து மட்டுமல்ல, எந்த எழுத்துமே இரண்டாம் முறை வருவதில்லை. வேண்டுமானால் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். பதிப்புரிமை பெற முடியாதது என்பது பொருள். வெறும் தகவல்கள் இந்த வகை. தொலைபேசி விவரப் புத்தகத்தில் பெயர், ஊர், எண் ஆகியவற்றை அகரவரிசையில் அடுக்கிவைத்ததற்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. ஓர் எழுத்து குறைவாக, 14 எழுத்துகளில் இதே சாதனையைச் செய்யும் சொல் ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்லி’. வலக்கை, இடக்கை இரண்டையும் ஒரே லாகவத்துடன் பயன்படுத்தி ஒன்றைச் செய்வதைக் குறிக்கும்.

ஐந்தும் வர வேண்டும், அதுவும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற வரிசையிலேயே வர வேண்டும் என்றால் ‘இயஸ்’ என்று முடியும் சொற்களைத் தேடுங்கள். அந்த முடிவிலேயே ஐ, ஓ, யூ மூன்றும் வரிசையாக நிற்கும். ஃபசீஷியஸ் என்பது, தீவிரமாகப் பேச வேண்டிய இடத்தில் நகைச்சுவை செய்துகொண்டிருப்பவரைப் பற்றிச் சொல்வது. எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒருவர் இருப்பார். அப்ஸ்டீமியஸ் என்றால் உண்பதிலும் குடிப்பதிலும் அடக்கமாக இருக்கிற. லத்தீனில் மதுவைக் குறிக்கும் ‘டெமேட்டம்’ என்ற சொல்லிலிருந்து, ‘மதுவை விட்டு விலகிய’ என்ற பொருளில் பிறந்தது. ஆர்சனிக் நஞ்சு தொடர்பான ஆர்சீனியஸும் இந்த வரிசையில் வரும். தலைகீழ் வரிசையும் உண்டு. துணைக்கண்டம் சார்ந்த என்ற பொருளுடைய சப்கான்டினென்டல் 14 எழுத்து. பாராட்டாக இல்லாத, குறைகூறுகிற என்று பொருள்படும் அன்காம்ப்ளிமென்டரி 15 எழுத்து. இரண்டிலும் யூ முதலில் வந்து, ஏ கடைசியில் முடியும்.

சொல் நீளமாக இருந்தால் ஐந்தும் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ‘ஃப்ளாக்ஸிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்’ 29 எழுத்துகள் கொண்டது. ஐ மட்டும் 9 முறை வருகிறது, ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் ஈ ஒரு முறைகூட இல்லை! கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டன் 1741இல் எழுதிய கடிதமொன்றில் இது இருக்கிறது. ஒன்றைச் சல்லிக்காசு பெறாதது என்று ஒதுக்குவது என்று பொருள். அற்பமானது என்பதைச் சொல்ல லத்தீன்காரர்கள் கையாண்ட நான்கு சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. அவற்றில் ஒன்றுக்கு மயிர் என்று அர்த்தம். நாமும் கோபத்தில் அதைத்தானே சொல்கிறோம்! 28 எழுத்து ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம்’ இன்னும் மோசம், அதில் ஓவும் இல்லை, யூவும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள பிணைப்பை அறுக்கக் கூடாது என்ற 19ஆம் நூற்றாண்டு நிலைப்பாட்டின் பெயர் அது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தவை வீட்டுக்குள் புழங்கும் சொற்கள்தான். காலிஃபிளவரில் ஐந்தும் உண்டு. நுரையீரல் அழற்சியான நிமோனியாவிலும் உண்டு, ஆனால் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அது அகப்படும். பிஹேவியர், ஃபேவரிட் இரண்டும் இங்கிலாந்து எழுத்துமுறையில்தான் தேறும். அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியில் இந்தச் சொற்களின் யூவை வெட்டிவிட்டார். ஆகவே எந்த நாட்டு அகராதி என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் சண்டை நிச்சயம்.

ஒய் எழுத்தையும் உயிரெழுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், ஃபசீஷியஸுடனும் அப்ஸ்டீமியஸுடனும் ‘லி’ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறும் வரிசையாக வந்துவிடும். அன்காப்பிரைட்டபிளுக்கு அந்தக் கவலையும் இல்லை, ஒய் அதற்குள்ளேயே இருக்கிறது.