மூன்று நாட்டு நீர்மூழ்கிகளை முடித்த ‘பெடார்ட்’: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என மூன்று நாட்டு நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்த கப்பல் எச்.எம்.எஸ். பெடார்ட் என்ற பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர், அதாவது நாசகாரிப் போர்க்கப்பல். அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கடல்குருவி: சார், முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

நியூகாசிலில் கட்டியது. 1941 மார்ச்சில் தண்ணீரில் இறங்கி, 1942 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. நாலு அங்குல பீரங்கிகள், டார்பிடோக்கள், பின்பக்கம் டெப்த் சார்ஜ் எனப்படும் ஆழ்குண்டுகள். முதல் கேப்டன் மார்க் தார்ன்டன், பயிற்சி என்ற பெயரில் ஆட்களைப் பிழிந்து எடுத்தவர். அவரைப் பிடிக்காதவர்கள் கப்பலிலேயே நிறையப் பேர்.

பிசிக்ஸ் மாணவன்: சோனார் இருந்தும் ஒரு நீர்மூழ்கியைப் பிடிக்க ஏன் பத்து மணி நேரம் ஆனது?

நல்ல கேள்வி தம்பி. சோனார் என்றால் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் கருவி. அன்றைய சோனாரை பிரிட்டிஷார் ஆஸ்டிக் என்பார்கள். அதன் ஒலிக்கற்றை கப்பலுக்கு முன்னால்தான் போகும். நீர்மூழ்கியை நெருங்க நெருங்க அது கற்றைக்குக் கீழே நழுவிவிடும். கடைசி நூற்றைம்பது, இருநூறு மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிற கதைதான். குண்டுகளோ பின்பக்கத்திலிருந்து விழுகின்றன, நொடிக்கு மூன்று மீட்டர் என்று மெதுவாக இறங்குகின்றன. 150 மீட்டர் ஆழத்தில் இருக்கிறவனுக்கு ஏறக்குறைய ஐம்பது நொடி அவகாசம். தலைக்கு மேல் புரொப்பல்லர் சத்தம் கேட்டதும் அவன் சுக்கானைத் திருப்பிவிடுவான். குண்டு ஏழெட்டு மீட்டருக்குள் வெடித்தால்தான் உடல் கிழியும். தள்ளி வெடித்தால் விளக்கு உடையும், வால்வு கசியும், அவ்வளவுதான்.

அதனால் இது பொறுமைப் போட்டி. கீழே இருக்கிறவனின் பேட்டரியும் காற்றும் தீர்கிற வரை மேலே இருக்கிறவர்கள் விடாமல் சுற்ற வேண்டும். 1942 அக்டோபர் 30 அன்று நைல் முகத்துவாரத்துக்கு வடக்கே யூ-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை ஒரு சண்டர்லேண்ட் விமானம் ரேடாரில் பார்த்துச் சொல்ல, பெடார்டோடு சேர்த்து ஐந்து கப்பல்கள் தேடின. போட்ட குண்டுகள் நூறைத் தாண்டின. குண்டு வெடிக்கும்படி வைத்த ஆழத்தையும் தாண்டி எதிரி கீழே இருக்கிறான் என்று பட்டதும், தண்ணீர் புகும் துளைகளில் சோப்பை அடைத்துப் போட்டார்களாம். தண்ணீர் மெதுவாக ஏறினால் குண்டு இன்னும் கீழே போய் வெடிக்குமே! எந்தக் கையேட்டிலும் இல்லாத வித்தை.

ராமநாதபுரம் வாசகர்: அதிலிருந்துதான் எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு இயந்திரத்தை எடுத்தார்களாமே? சினிமாவில் அமெரிக்கர்கள் எடுப்பதாகக் காட்டுகிறார்கள்.

சினிமாவை விடுங்கள் ஐயா. யூ-559-ல் அமெரிக்கர் ஒருவரும் கிடையாது, கைக்கு வந்ததும் இயந்திரம் இல்லை, புத்தகங்கள்.

இரவு பத்தரைக்கு மேல் நீர்மூழ்கி மேலே வந்தது. ஜெர்மானியர்கள் குதித்துவிட்டார்கள், உடைப்புகள் வழியே தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. பெடார்டின் முதல் லெப்டினன்ட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) டோனி ஃபாசனும் மாலுமி காலின் கிரேசியரும் உள்ளே இறங்கினார்கள். கூடவே கன்டீன் பையன் டாமி பிரவுன். வயதைக் கூட்டிச் சொல்லி வேலையில் சேர்ந்தவன், அப்போது 16 வயது. ஃபாசன் கேப்டன் அறையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கொடுக்க, பிரவுன் ஒரு கையில் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியேறிப் படகில் சேர்த்தான். மறுபடி இறங்கினான், மறுபடி ஏறினான். கடைசியில் மேலே நின்று “வந்துவிடுங்கள்” என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். அவர்கள் ஏறத் தொடங்கும்போதே நீர்மூழ்கி சட்டென்று அமிழ்ந்தது. இருவரும் அதோடு போனார்கள்.

அந்தக் காகிதங்களில் வானிலைச் சுருக்கக் குறியீட்டின் புதிய பதிப்பும், சுருக்கச் செய்திப் புத்தகமும் இருந்தன. யூ-போட்டுகள், அதாவது ஜெர்மன் நீர்மூழ்கிகள், 1942 பிப்ரவரியிலிருந்து நாலு ரோட்டர் (எழுத்தை மாற்றும் சக்கரம்) எனிக்மாவுக்கு மாறியிருந்ததால் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க் பத்து மாதமாக இருட்டில் இருந்தது. வானிலைச் செய்தி அனுப்பும்போது மட்டும் நாலாவது ரோட்டரைச் சும்மா வைத்திருந்தார்கள் என்பது பிடிபட்டதும் பூட்டு திறந்தது, டிசம்பர் 13 அன்று. கான்வாய்களை, அதாவது காவலோடு போகும் கப்பல் வரிசைகளை, யூ-போட் கூட்டத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோக மறுபடி வழி கிடைத்தது. என்னைக் கேட்டால், பெடார்ட் வேறு எதையுமே செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த ஒரு ராத்திரி போதும்.

கடல்குருவி: ஃபாசனுக்கும் கிரேசியருக்கும் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் ஏன் தரவில்லை?

அது எதிரி முன்னால் காட்டிய வீரத்துக்கு. ஆட்கள் கைவிட்ட நீர்மூழ்கிக்குள் நடந்ததால் இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ், பிரவுனுக்கு ஜார்ஜ் மெடல். பிரவுன் போரில் சாகவில்லை. 1945-ல் சொந்த வீட்டில் தீப்பிடித்தபோது உடன்பிறந்தவளைக் காப்பாற்றப் போய் இறந்தான்.

திருச்சி சேகரிப்பாளர்: இத்தாலிய நீர்மூழ்கி?

உவார்ஷெக். 1942 டிசம்பர் 15, மால்டாவுக்குத் தெற்கே, கிரேக்க டெஸ்ட்ராயர் வசிலிஸ்ஸா ஓல்காவோடு சேர்ந்து. மோதியதில் பெடார்டின் முன்மூக்கும் அடிபட்டது. கட்டி இழுத்துப் போகப் பார்த்தார்கள், வழியிலேயே மூழ்கிவிட்டது.

கொழும்பு அக்கா: எங்கட பக்கம் வந்த துருப்புக் கப்பல் ஒன்றுக்கும் பெடார்டுக்கும் தொடர்பு எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?

உண்மைதான் அக்கா. கேதிவ் இஸ்மாயில். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த ஐந்து துருப்புக் கப்பல்களில் ஒன்று. 1944 பிப்ரவரி 12, மாலத்தீவுப் பக்கம் மத்தியான நேரம். ஜப்பானிய ஐ-27 விட்ட இரண்டு டார்பிடோக்கள் பட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. 1,511 பேரில் 1,297 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர். நர்சுகளும் கடற்படைப் பெண்களும் இருந்தார்கள், பெண்களில் பிழைத்தவர் ஆறே பேர்.

பெடார்டும் அதன் துணை பாலடினும் காவலுக்கு இருந்தன. நீர்மூழ்கி ஒளிந்திருந்தது, ஆட்கள் நீந்திக்கொண்டிருந்த இடத்துக்கு அருகில். பெடார்ட் குண்டு போட்டது. தண்ணீரில் இருந்தவர்களில் சிலரை அந்த வெடியும் கொன்றது.

ஐ-27 மேலே வந்தும் சாகவில்லை. நாலு அங்குலக் குண்டுகள் அதன் தடித்த உடலைத் துளைக்கவில்லை. மோதப் போன பாலடினை பெடார்ட் கடைசி நேரத்தில் தடுக்க, திரும்புகிற வேகத்தில் நீர்மூழ்கியின் பக்கவாட்டுத் துடுப்புத் தகடு பாலடினின் விலாவைக் கிழித்தது. பிறகு பெடார்ட் ஒவ்வொன்றாக டார்பிடோ விட்டது. ஆறு வீண், ஏழாவது பட்டது. அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

ராமநாதபுரம் வாசகர்: நீந்துகிறவர்கள் நடுவே குண்டு போட்டது நியாயமா?

மிச்சம் நாலு துருப்புக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் நிறைய ஆட்கள். விட்டிருந்தால் ஐ-27 இரவில் துரத்தி வந்திருக்கும். பெடார்டின் அப்போதைய கேப்டன் ஈகன் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தண்ணீரில் மிதந்தபடி அதைப் பார்த்தவர்களிடம் இந்த வாதத்தை வைக்க எனக்கு வாய் வராது.

திருச்சி சேகரிப்பாளர்: கப்பல் இப்போது மியூசியமா?

இல்லை. போருக்குப் பிறகு நீர்மூழ்கி எதிர்ப்பு ஃபிரிகேட்டாக மாற்றினார்கள், 1967-ல் இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். கிரேசியரின் ஊர்ப்பக்கம் டாம்வொர்த்தில் நங்கூர வடிவ நினைவுச் சின்னம் இருக்கிறது. இங்கிலாந்து போகிறவர்கள் பார்க்கலாம், பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் பக்கம்தான்.